வேலை தேடிக்கொண்டு லண்டனில் சுற்றுகிறேன், பயணச் செலவைக் குறைக்க ஏதாவது அட்டை உண்டா?

வெம்ப்ளி வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வயது 29, தனியாள், வெம்ப்ளியில் ஒரு அறையில் இருக்கிறேன். பெற்றோருடன் ஜெர்மனியில் இருந்து இங்கே வந்தவன், செட்டில்டு ஸ்டேட்டஸ் (இங்கே நிரந்தரமாக இருக்கும் உரிமை) இருக்கிறது. பார்க் ராயலில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்தேன். அவர்கள் ஊரை விட்டு வெளியே இடம் மாற்றியபோது எங்களில் பலரை நிறுத்திவிட்டார்கள். யூனிவர்சல் கிரெடிட் (வேலை இல்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அரசு தரும் உதவித்தொகை) வாங்கத் தொடங்கி மூன்று மாதம் தாண்டிவிட்டது.

வாடகைக்கு வருவது வாடகைக்கே சரி. மீதி என் கைக்கு மாதம் நானூறு பவுண்ட் சொச்சம். அதில்தான் சாப்பாடு, போன், கரண்ட், எல்லாம். ஆனால் அந்த உதவிக்காக ஒப்புக்கொள்ளும் கிளெய்மன்ட் கமிட்மென்ட் என்ற உடன்படிக்கையில் ஒன்றரை மணி நேரப் பயணத் தூரம் வரைக்கும் வேலை தேடுவேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் என்றால் வெம்ப்ளியில் இருந்து எங்கே வேண்டுமானாலும் போகலாம். போகிற காசுதான் இல்லை. போன வாரம் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு ஏஜென்சி, அதற்கு முன் க்ராய்டன். அடுத்து ஸ்லௌவில் ஒரு இன்டர்வியூ வருகிறது. வாரக் கடைசியில் பேங்க் ஆப்பைத் திறந்தால் டிஎஃப்எல் (லண்டன் போக்குவரத்து நிறுவனம்) என்றே வரிசையாக நிற்கிறது.

வேலை இல்லாதவர்களுக்குப் பாதிக் கட்டண அட்டை ஒன்று இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னார். அது இப்போதும் இருக்கிறதா? எங்கே கேட்பது? நான் எப்போதும் போனைத்தான் தட்டுகிறேன், அதிலேயே ஏற்றிக்கொள்ளலாமா?

கீரிமலைக்காரி:

தம்பி, இருக்கிறது. ஜாப்சென்டர் பிளஸ் டிராவல் டிஸ்கவுண்ட் கார்டு என்று பெயர், ஜாப்சென்டர் என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் தருவது. காசு கட்டத் தேவையில்லை. கணவரும் நானும் ஆளுக்கொரு முறை வேலை இல்லாமல் இருந்த காலங்களில் வாங்கினோம், ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் யாருக்குக் கிடைக்கும் என்பது. யூனிவர்சல் கிரெடிட்டோ ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸோ (வேலை தேடுவோர் உதவித்தொகை) எடுத்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். 18 முதல் 24 வயதுக்காரருக்கு மூன்றாவது மாதத்தில் இருந்து ஒன்பதாவது மாதம் வரை, 25 வயதும் அதற்கு மேலும் என்றால் பன்னிரண்டாவது மாதம் வரை. உங்களுக்கு இப்போது வாசல் திறந்திருக்கிறது. எனக்கு இந்த விதியில் ஒரு கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை போன முதல் மூன்று மாதத்தில்தான் மனுஷருக்கு ஓடித் திரிகிற தெம்பு இருக்கும், இன்டர்வியூக்களும் அப்போதுதான் அதிகம். அப்போது அட்டை இல்லை. ஒரு வருஷம் முடிந்து கையில் ஒன்றும் மிஞ்சாத நேரத்தில் இருந்த அட்டையும் இல்லை. யார் யோசித்து வைத்தார்களோ.

அட்டையைத் தானாகத் தூக்கித் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கேட்க வேண்டும். உங்கள் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் உள்ள ஜர்னலில், உங்களைக் கவனிக்கும் ஜாப்சென்டர் அலுவலரான வொர்க் கோச்சுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்: ‘மூன்று மாதம் கடந்துவிட்டது, டிராவல் டிஸ்கவுண்ட் கார்டு வேண்டும், அடுத்த சந்திப்பில் தர முடியுமா’ என்று. வாயால் கேட்பதைவிட ஜர்னலில் எழுதுவது நல்லது. கோச் மாறினாலும் எழுதியது அங்கேயே இருக்கும். ஸ்லௌ இன்டர்வியூவின் திகதியையும் அதிலேயே குறிப்பிடுங்கள், அலுவல் கெதியாக நடக்கும்.

அட்டை கைக்கு வந்ததும் பாதி வேலைதான் முடிந்தது. அதைக் கொண்டுபோய் ஓய்ஸ்டரில் (காசு போட்டுத் தட்டும் லண்டன் பயண அட்டை) ஏற்ற வேண்டும். போனில் ஏற்ற முடியாது, பேங்க் கார்டிலும் முடியாது. கான்டாக்ட்லெஸ்ஸில், அதாவது போனையோ பேங்க் கார்டையோ தட்டினால், என்ன அட்டை வைத்திருந்தாலும் முழுக் கட்டணம்தான். ஆகவே இழுப்பறையில் பழைய ஓய்ஸ்டர் கிடந்தால் தேடி எடுங்கள். சுற்றுலாக்காரருக்கு விற்கும் விசிட்டர் ஓய்ஸ்டர் சரிவராது, சாதாரண நீல ஓய்ஸ்டர் வேண்டும்.

டியூப் ஸ்டேஷன்களில் டிக்கெட் கவுண்டர்களை எப்போதோ மூடிவிட்டார்கள், அதனால் எங்கே போவது என்று பலர் குழம்புகிறார்கள். கேட் பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் போய் இரண்டு அட்டைகளையும் நீட்டுங்கள். அவர் உங்களை டிக்கெட் மெஷினுக்குக் கூட்டிப்போவார், தன் கணக்கில் உள்ளே நுழைவார், ஓய்ஸ்டரை மஞ்சள் வட்டத்தில் வைக்கச் சொல்வார், தள்ளுபடியைத் தேர்ந்தெடுப்பார். திரும்ப ஒருமுறை வைத்ததும் முடிந்தது. நகரும் முன்பு எந்தத் திகதி வரை ஏற்றியிருக்கிறார் என்று கேட்டு அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் எட்டு மணிக்குக் கூட்டம் அள்ளும் நேரத்தில் போகாதீர்கள், பத்தரை பதினொரு மணிக்குப் போனால் ஆறுதலாகச் செய்து தருவார்கள்.

அதன்பின் பஸ், டியூப், ஓவர்கிரவுண்ட், டிஎல்ஆர் (இலகு ரயில்), ட்ராம் எல்லாவற்றிலும் தட்டிப் போகிற கட்டணம் பாதி. 2023 மார்ச்சில் ஒரு பவுண்ட் 75 ஆக ஏறிய பஸ் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அதில் பாதி கொடுத்து ஏறி, ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸோ ட்ராமோ எத்தனை மாறினாலும் மேலே ஒரு சதமும் இல்லை. அந்த ஹாப்பர் சலுகை எல்லோருக்கும் உள்ளதுதான், ஆனால் எல்லாப் பஸ்ஸிலும் அதே அட்டையைத் தட்ட வேண்டும்.

இங்கேதான் போன்காரர்கள் மாட்டுவார்கள். கை பழக்கதோஷத்தில் போனை நீட்டும். உள்ளே போகும்போது ஓய்ஸ்டரைத் தட்டி வெளியே வரும்போது போனைத் தட்டினால் இரண்டுமே முடியாத பயணமாகப் பதிவாகி, இரண்டிலும் உச்சக் கட்டணம் பிடிக்கும். தள்ளுபடியில் மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரே நாளில் போய்விடும். ஓய்ஸ்டரையும் பேங்க் கார்டையும் ஒரே பர்ஸில் வைத்து அப்படியே அமுக்குவதும் கூடாது, எது முந்துகிறதோ அதில் பணம் போகும். நான் ஓய்ஸ்டரை மட்டும் கோட்டின் இடப்பக்கப் பையில் வைப்பேன், போன் கைப்பைக்குள்.

இனி ஸ்லௌ. இதைக் கவனமாக வாசியுங்கள். எலிசபெத் லைன் ரயில் ஸ்லௌ வழியாக ரெடிங் வரை ஓடுகிறது, ஆனால் ஓய்ஸ்டர் வெஸ்ட் டிரெய்டனோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் ஐவர், லாங்லி, ஸ்லௌ எல்லாம் கான்டாக்ட்லெஸ் அல்லது காகித டிக்கெட். ஓய்ஸ்டரைத் தட்டிக்கொண்டு ஸ்லௌவில் இறங்கினால் டிக்கெட் இல்லாமல் வந்தவர் கணக்கில்தான் வருவீர்கள். கான்டாக்ட்லெஸ்ஸில் போனால் முழுக் கட்டணம். ஆகவே ரயில் நிலையக் கவுண்டரில் டிராவல் டிஸ்கவுண்ட் கார்டைக் காட்டிப் பாதி விலைக்குக் காகித டிக்கெட் எடுங்கள். டிக்கெட்டோடு அந்த அட்டையும் பையில் இருக்க வேண்டும், பரிசோதகர் இரண்டையும் கேட்பார்.

ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு மறுபடி போவதென்றால் நகரத்தின் நடுவே போகத் தேவையில்லை. வெம்ப்ளி சென்ட்ரலில் இருந்து வில்ஸ்டன் ஜங்ஷன், அங்கே மாறி மில்ட்மே லைனில் நேராக ஸ்ட்ராட்ஃபோர்ட். நகர மையமான ஸோன் ஒன்றைத் தொடாததால் கட்டணம் குறையும். மாறும் மேடையில் பிங்க் நிற ரீடர் கண்ணில் பட்டால் தட்டிவிட்டுப் போங்கள், நீங்கள் சுற்றுவழியில் வந்தீர்கள் என்று சிஸ்டத்துக்கு அதுதான் சாட்சி. நேரம் கூடுதலாகத்தான் ஆகும். ஆனால் ஜன்னல் பக்கம் இருக்கை கிடைக்கும், சிவியை ஒருமுறை வாசித்துக்கொண்டு போகலாம்.

ஆவணப் பித்தன்:

கீரிமலைக்காரி அக்கா சொன்னதில் மாற்ற ஒன்றுமில்லை. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காக ஒரு எச்சரிக்கை மட்டும். கேள்வி கேட்டவருக்கு செட்டில்டு ஸ்டேட்டஸ் இருக்கிறது, பிரச்சினை இல்லை. உங்கள் இவிசாவில் (இணைய விசா) ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’, அதாவது அரசு உதவித்தொகை எடுக்கக் கூடாது, என்று இருந்தால் இந்த அட்டைக்காக யூனிவர்சல் கிரெடிட் பக்கம் போகாதீர்கள். அது பப்ளிக் ஃபண்ட்ஸ் பட்டியலில் உள்ள உதவி, விண்ணப்பிப்பதே விசாவுக்கு வினையாகும். சென்னையில் இருந்தும் கோவையில் இருந்தும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வந்து வேலை இழக்கும் தம்பி தங்கைகள் இதைக் கேட்டு எனக்கு அடிக்கடி எழுதுகிறார்கள். உங்கள் கதை வேறு. வழக்கமாக 60 நாட்களாகக் குறையும் விசாக் காலத்துக்குள் விசாவுக்குப் பொறுப்பேற்கும் அடுத்த ஸ்பான்சரைப் பிடிப்பதுதான் உங்கள் முதல் வேலை.

ஆனால் ஒரு வழி பலருக்குத் தெரியாது. நியூ ஸ்டைல் ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ் என்பது நீங்கள் கட்டிய நேஷனல் இன்ஷூரன்ஸை வைத்துத் தரப்படுவது. அது பப்ளிக் ஃபண்ட்ஸ் கணக்கில் வராது. குறிப்பாக டிபென்டன்ட் விசாவில் (கணவன் அல்லது மனைவியின் விசாவைச் சார்ந்தது) வந்து, எந்த வேலையும் செய்ய அனுமதி பெற்று, கடந்த ஆண்டுகளில் சம்பளத்தில் இன்ஷூரன்ஸ் பிடித்தம் ஆனவர்கள் இதைப் பார்க்க வேண்டும். 25 வயதுக்கு மேல் என்றால் 2025-26இல் வாரம் 92 பவுண்ட் 5 பென்ஸ், அதிகபட்சம் 182 நாட்கள். கணவன் அல்லது மனைவியின் சம்பளமோ, வங்கியில் கிடக்கும் சேமிப்போ இதைப் பாதிக்காது. அதில் மூன்று மாதம் ஆனால் இதே டிராவல் கார்டையும் கேட்கலாம். விண்ணப்பிக்கும் முன் உங்கள் விசா நிபந்தனையை ஒரு குடிவரவு ஆலோசகரிடம் காட்டிவிடுங்கள். இங்கே நான் எழுதியதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

லெஸ்டர் பஸ் பயணி:

எல்லாம் லண்டன் கதையாகவே போகிறதே. வெளியூரில் இருப்பவர்களும் வாசிக்கிறோம். எங்களுக்கு ஓய்ஸ்டரும் இல்லை, ஹாப்பரும் இல்லை. ரயிலுக்கு அந்த அட்டை இங்கும் செல்லும், பாதி விலை. பஸ்ஸுக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கொள்கை. சிலர் அட்டையைக் காட்டினால் குறைத்துத் தருவார்கள், சிலர் கண்டுகொள்ள மாட்டார்கள். டிரைவரிடம் ஏறும்போதே கேட்டுவிடுங்கள். குறைக்கவில்லை என்றாலும் இங்கிலாந்தில் ஒரு வழிப் பஸ் பயணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2023 ஜனவரியில் இருந்து 2 பவுண்டாக இருந்தது, 2025 ஜனவரியில் 3 ஆக்கிவிட்டார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போவதற்கு இது உதவாது. ஊர் விட்டு ஊர் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் பஸ்ஸில் ஏறினால்தான் அதன் அருமை தெரியும். திட்டத்தில் சேர்ந்த கம்பெனியாக இருந்தால் அவ்வளவு தூரத்துக்கும் அதே 3 பவுண்ட்.

அறுபதைத் தாண்டியவன்:

என் வயதிலும் வேலை தேடுகிறவர்கள் இருக்கிறோம், எங்களையும் கணக்கில் எடுங்கள். லண்டன் பரோ (நகராட்சிப் பகுதி) எதிலாவது வசித்து 60 வயது நிரம்பினால் 60 பிளஸ் லண்டன் ஓய்ஸ்டர் எடுக்கலாம். ஒருமுறை விண்ணப்பக் கட்டணம் உண்டு, வேலை இருக்கிறதா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை. வார நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு பஸ்ஸும் டியூபும் இலவசம். முன்பு காலையிலும் இலவசமாக இருந்தது, 2020 கொரோனா நேரத்தில் தற்காலிகம் என்று நிறுத்தினார்கள், 2023இல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

அதனால் நான் ஒரு வேலை செய்கிறேன். இன்டர்வியூவுக்கு நேரம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பதினொன்று அல்லது அதற்கு மேல்தான் சொல்வேன். காரணத்தை யாரும் கேட்டதில்லை. காலை எட்டரைக்கு வா என்று அவர்களே சொல்லிவிட்டால் காசு கட்டிப் போக வேண்டியதுதான். செக்யூரிட்டி வேலைக்கு விண்ணப்பித்தபோது ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு என்றார்கள், அங்கே இந்த அட்டையால் வருகிறபோதுதான் லாபம், போகிறபோது இல்லை.

வெம்ப்ளி வாசி:

அக்கா, அண்ணாமார், மிக்க நன்றி. ஜர்னலில் எழுதினேன், அடுத்த சந்திப்பிலேயே அட்டை கொடுத்துவிட்டார். வெம்ப்ளி சென்ட்ரலில் ஒரு பெண் ஊழியர் ஏற்றித் தந்தார், நீங்கள் எழுதியபடியே மஞ்சள் வட்டம், இரண்டு முறை. மூன்று மாதத்துக்குத்தான் செல்லும் என்று அட்டையில் இருக்கிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, அந்தத் திகதி முடிந்த பிறகு தெரியாமல் தட்டினால் அபராதமா? இரண்டு, இன்டர்வியூக்குப் போன காசை ஜாப்சென்டரே திருப்பித் தரும் என்று இன்னொருவர் சொல்கிறார், அது உண்மையா?

கீரிமலைக்காரி:

நல்ல செய்தி தம்பி.

ஓய்ஸ்டரில் திகதி முடிந்தால் அது தானாக முழுக் கட்டணத்துக்கு மாறிவிடும், அபராதம் இல்லை. ஆனால் ரயிலின் காகித டிக்கெட் அப்படியல்ல. காலாவதியான அட்டையை நம்பிப் பாதி டிக்கெட் எடுத்துக்கொண்டு பிடிபட்டால் அபராதக் கட்டணம் 100 பவுண்டும் பயணக் கட்டணமும், 21 நாளுக்குள் கட்டினால் 50. இன்னும் தகுதி இருந்தால் திகதி முடிய ஒரு வாரம் முன்பே ஜர்னலில் எழுதிப் புது அட்டை கேளுங்கள். புதியதையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஏற்ற வேண்டும்.

திருப்பித் தருவது பற்றி. அது ஃப்ளெக்ஸிபிள் சப்போர்ட் ஃபண்ட். உண்மையாகவே இருக்கிறது, ஆனால் உரிமை அல்ல. தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். இன்டர்வியூப் பயணம், வேலைக்குத் தேவையான உடுப்பு, பயிற்சிச் செலவு என்று பலதுக்கும் அதில் இருந்து கொடுப்பார்கள். என் அனுபவத்தில் இதன் சூட்சுமம் ஒன்றுதான்: போய்வந்த பிறகு கேட்காதீர்கள், போவதற்கு முன்பு கேளுங்கள். இன்டர்வியூ அழைப்பு மின்னஞ்சலை ஜர்னலில் இணைத்து, ‘இந்த நாள், இந்த இடம், டிக்கெட் இவ்வளவு, உதவ முடியுமா’ என்று. ஆம் என்று பதில் வந்துவிட்டால் பிறகு ரசீதைக் காட்டுவது மட்டும்தான். ரசீதுக்காக ஓய்ஸ்டரை டிஎஃப்எல் கணக்கில் பதிந்து வையுங்கள், எந்த நாள் எங்கே ஏறி எங்கே இறங்கினீர்கள், எவ்வளவு போனது என்ற விவரம் அங்கே வரும். ஸ்லௌ டிக்கெட்டை கேட் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது வாங்கும்போதே கவுண்டரில் தனி ரசீது கேட்டுவிடுங்கள்.

வேலை கிடைத்தாலும் இந்த ஃபண்டை மறக்க வேண்டாம். முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும், அதுவரை வேலைக்குப் போய்வரும் செலவுக்கும் கேட்கலாம். கணவர் ஹேய்ஸில் வேலை தொடங்கியபோது அப்படித்தான் சமாளித்தோம். வேலை கிடைத்த சந்தோஷத்தில் பலர் கோச்சுடன் கதைப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

ஆவணப் பித்தன்:

ஒன்று சேர்க்கிறேன். பன்னிரண்டு மாதம் ஆகி அட்டை நின்றுவிட்டால் உங்களுக்கு 31 வயதாவதற்குள் 26-30 ரெயில்கார்டு ஞாபகம் இருக்கட்டும். 31ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள் வரை வாங்கலாம். 35 பவுண்ட், ஒரு வருஷம், மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. போனில்தான் வரும், ஆனால் அதையும் ஸ்டேஷனில் காட்டி ஓய்ஸ்டரோடு இணைக்கலாம். ஓய்ஸ்டரில் ஆஃப்-பீக், அதாவது கூட்டம் குறைந்த நேரத்துக்கு மட்டும் குறையும். ரயிலில் வார நாள் காலை பத்து மணிக்கு முன் 12 பவுண்ட் என்ற குறைந்தபட்சக் கட்டணம் குறுக்கே வரும். பாதிக் கட்டண அட்டை கையில் இருக்கும் வரை இதை வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

வெம்ப்ளி வாசி:

சரி அண்ணா, குறித்துக்கொண்டேன். ஃபண்டுக்கு இன்று காலையே ஜர்னலில் எழுதிவிட்டேன், அழைப்பு மின்னஞ்சலையும் போட்டாயிற்று. ஸ்லௌ போவது வியாழக்கிழமை. ஈலிங் பிராட்வே வரை ஓய்ஸ்டரில் போய் அங்கே இருந்து காகித டிக்கெட் எடுக்கலாம் என்று நினைக்கிறேன், சரிதானே?

கீரிமலைக்காரி:

சரி. ஈலிங்கில் இறங்கி கேட்டுக்கு வெளியே வந்து ஓய்ஸ்டரைத் தட்டி முடித்துவிட்டு, பிறகு கவுண்டருக்குப் போங்கள். ஒரே நாளில் திரும்புவதால் ரிட்டர்ன் என்ன விலை, தனித்தனியாக என்ன விலை என்று இரண்டையும் கேட்டு எடுங்கள். வரிசையில் நிற்க இருபது நிமிடம் கூடுதலாக வையுங்கள். எந்த நிறுவனம் என்று இங்கே எழுத வேண்டாம், போய்வந்து எப்படி இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.